சிறகு வேண்டாம் தோழர், புல்லைப் பாருங்க



டிசம்பர் 18, சர்வதேசப் புலம்பெயர்ந்தோர் தினத்துக்காக நம்ம குழுவில் சுற்றுக்கு வந்த சுவரொட்டி வரைவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு தொழிலாளி. முதுகில் ஆரஞ்சும் கருப்புமாய் இரண்டு பெரிய சிறகு. பின்னால் துபாய் கோபுரங்கள். வரைந்த தோழரின் கை நல்ல கை, அதில் சந்தேகமே இல்லை. இதயக்குறிகள் குவிந்தன. நான் மட்டும் ‘இது வேண்டாமே’ என்று ஒரு வரி போட்டேன். ‘ஏன்னு விரிவா எழுதுங்க’ என்று பதில் வந்தது. எழுதுகிறேன்.

அந்தச் சிறகு மொனார்க் வண்ணத்துப்பூச்சியுடையது. கனடாவிலும் அமெரிக்காவிலும் பிறந்து, குளிர்காலத்துக்கு மெக்சிகோ மலைக்காடுகளுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வலசை போகிற பூச்சி. சுவர், முள்வேலி, எல்லைக் காவல் எதுவும் அதற்குக் கிடையாது. அமெரிக்காவில் குடியேறிகளின் இயக்கம் அதைச் சின்னமாக எடுத்துக்கொண்டதற்கு அர்த்தம் இருக்கிறது. 2012இல் ஓவியர் ஃபாவியானா ரோட்ரிகஸ் அந்தச் சிறகை வரைந்து ‘குடிபெயர்தல் அழகு’ என்று எழுதினார், அது ஊர்வலங்களில் பரவியது. அங்கே சண்டையே எல்லைக்கோட்டின் மேல்தான். பறந்து கடக்கிற சிறகு அந்தச் சண்டைக்குப் பொருந்துகிறது.

வளைகுடாவில் சண்டை அங்கே இல்லை. இங்கே எல்லை நம்மைத் தடுப்பதில்லை, கூப்பிடுகிறது. ஏஜென்ட்டுக்குக் கடன் வாங்கிக் கட்டினால் விசா வரும், டிக்கெட் வரும், ஏர்போர்ட்டில் அட்டை பிடித்துக்கொண்டு ஆள் நிற்பார். பிரச்சினை தரையிறங்கிய பிறகுதான் ஆரம்பம். ஒரு முதலாளியின் பேரில் உங்கள் இருப்பு கட்டப்படுகிறது. அவரை விட்டுப் போனால் ‘ஓடிப்போனவன்’ என்று புகார் கொடுக்கலாம். சட்டத்தில் சில திருத்தங்கள் வந்திருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனா கேம்ப்பில் பத்துப் பேர் படுக்கிற அறையில் போய், ‘உன் பிரச்சினை பறக்க முடியாததா?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் பறந்துதான் வந்தார். வந்த இடத்தில் வெயிலில் நிற்கிறார்.

அதோடு, மொனார்க் வளைகுடாவின் பூச்சியும் இல்லை. அதன் சொந்தக்காரப் பூச்சி ஒன்று, ஏறக்குறைய அதே ஆரஞ்சு நிறத்தில், இங்கே எருக்கஞ்செடியில் வளர்கிறது. அதை வரைந்தாலாவது பாதி நியாயம். ஆனால் நான் சொல்ல வருவது இரண்டையும் பற்றி அல்ல. ரோட்டோரப் புல்லில், கணுக்கால் உயரத்தில், யாரும் திரும்பிப் பார்க்காமல் பறக்கிற ஒரு சாம்பல் துணுக்கைப் பற்றி.

உலக அறிவியல் அதை ஸிஸீரியா கர்சாண்ட்ரா என்கிறது. 1865இல் ஃபிரடெரிக் மூர் வைத்த பெயர். நாம் புல் நீலன் என்று வைத்துக்கொள்வோம். சிறகை முழுசாக விரித்தாலும் சுமார் இரண்டு சென்டிமீட்டர், அவ்வளவுதான். ஆண் பூச்சிக்கு மேல்பக்கம் மங்கலான ஊதா கலந்த நீலம், ஓரத்தில் அகலமான கருமை. பெண் பெரும்பாலும் பழுப்பு. உட்கார்ந்து சிறகை மடித்துவிட்டால் இரண்டும் சாம்பல் பழுப்பில் கரும்புள்ளிகள், புள்ளியைச் சுற்றி வெள்ளை வளையம். தரையை விட்டு உயரப் பறப்பது அதன் வழக்கமில்லை. நாலு அடி போகும், உட்காரும், மறுபடி நாலு அடி. வட ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியா, இந்தியா, இலங்கை, அங்கிருந்து ஆஸ்திரேலியா வரை இதே பூச்சி. நாகப்பட்டினத்தில் காலிமனையில் இருக்கும், யாழ்ப்பாணத்தில் வேலியோரத்தில் இருக்கும், ஷார்ஜாவில் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருக்கும். நம்ம ஊரிலிருந்து இங்கே வந்ததில்லை, இங்கிருந்து அங்கே போனதுமில்லை. இரண்டு கரைக்கும் சொந்தப் பூச்சி. அமீரகத்தில் முதல் மாதம் வேலை பார்க்கிற ஒருத்தருக்கு ஊரில் பார்த்த ஏதாவது ஒன்று கண்ணில் பட வேண்டுமென்றால், மைனாவுக்கும் காக்காவுக்கும் அடுத்து இதுதான்.

புல்லில் இருக்கும் என்றேன். புல்லைத் தின்னாது. இது முக்கியம், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

துபாயிலும் அபுதாபியிலும் நீங்கள் பார்க்கிற பச்சைக் கம்பளத்தில் பெரும்பகுதி இரண்டு வகைப் புல். ஒன்று உப்புத்தண்ணீர் தாங்குகிற பாஸ்பாலம். இன்னொன்று பெர்முடா என்று நர்சரியில் விற்கிற புல். நம்ம பிள்ளையாருக்கு வைக்கிற அருகம்புல்தான் அது, அதில் சில கலப்பு ரகங்களும் உண்டு. புல் நீலனின் புழு இரண்டையும் தொடாது. அதற்கு வேண்டியது புல்லுக்கு நடுவில் தானாக முளைக்கிற களை. குப்பைக்கீரை, நெருஞ்சி, குதிரைமசால் மாதிரியான செடிகள். முட்டை அதில்தான், புழு வளர்வதும் அதில்தான். அதாவது கம்பளம் எங்கே சுத்தமாக இருக்கிறதோ அங்கே பூச்சி இருக்காது. கம்பளத்தில் ஓட்டை விழுகிற இடத்தில் இருக்கும். சொட்டுநீர்க் குழாயின் இணைப்பு கசிகிற மூலை, சைன்போர்டுக்கு அடியில் அறுக்கும் மெஷின் எட்டாத ஒரு முழம், கேம்ப் சுவருக்கு வெளியே குளியலறைத் தண்ணீர் வழிகிற வாய்க்கால் ஓரம்.

அந்தக் களையைப் பிடுங்குவதுதான் தோட்டக்காரரின் வேலை. கடலூர்ப் பக்கத்து அண்ணன் ஒருத்தர், இந்த வேலையில் பதினாலு வருஷம். அவரிடம் இந்தப் பூச்சியைக் காட்டினேன். ‘இது நெருஞ்சிமுள்ளு பக்கம் நிக்கும் தம்பி, நான் நெருஞ்சியப் பிடுங்குன மறுநாள் காணாமப் போயிரும்’ என்றார். ‘அதனால ஓரத்துல ரெண்டு விட்டுருவேன். சூப்பர்வைசர் பார்த்தா திட்டுவான். முள்ளு குத்துனா கிழிய போறது என் கைதானே, அவன் கையா?’ இதைப் பாசம் என்று நான் எழுதப் போவதில்லை. பதினாலு வருஷம் ஒரே மண்ணைப் பார்த்த மனுஷனுக்கு வருகிற அறிவு இது. பூச்சி நூல்களில் புழுவின் உணவுச்செடிப் பட்டியலில் நெருஞ்சி இனங்களின் பெயர் இருக்கிறது. அவர் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததில்லை.

இந்த நெருஞ்சி விஷயத்தில் ஒரு வேடிக்கை. அமீரகத்தின் தேசிய மலர் என்று சொல்லப்படுவதும் ஒரு நெருஞ்சி இனம்தான், மஞ்சள் பூ பூக்கிறது. 1977இல் அபுதாபியில் தொடங்கிய எமிரேட்ஸ் இயற்கை வரலாற்றுக் குழு 1991இலிருந்து நடத்துகிற ஆய்விதழின் பெயரே டிரிபியூலஸ். தமிழில் சொன்னால், நெருஞ்சி. நாட்டின் பூவாக இருக்கிறபோது அது சின்னம், நடைபாதையோரத்தில் முளைத்தால் களை. டிரிபியூலஸில் கேரி ஃபியூல்னர், பினீஷ் ரூபாஸ் மாதிரி ஆட்கள் பல வருஷம் பொறுமையாக எழுதிய குறிப்புகள் இருக்கின்றன. விடுமுறை நாளில் மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் போய்ப் பார்த்து எழுதியவர்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதைதான். ஆனால் எந்த ஊரிலும் பதிவு செய்கிறவர் போகிற இடத்தில்தான் பதிவு இருக்கும். சோனாப்பூரிலும் முசாஃபாவிலும் சஜாவிலும் கேம்ப் சுவரோரம் யார் வண்ணத்துப்பூச்சி பார்க்கப் போகிறார்கள்?

சரி, அந்தப் புல்லுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மழையிலிருந்து இல்லை. நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்துத்தான் சாலையோரப் பச்சைக்குப் பெருமளவில் விடுகிறார்கள். அந்தக் கழிவுநீரில் கோபுரங்களின் தண்ணீரும் உண்டு, கேம்ப்புகளின் தண்ணீரும் உண்டு. நம்ம ஆள் குளித்த தண்ணீர் சுற்றிவந்து நம்ம ஆள் பிடிக்கிற ஹோஸ் வழியாகவே புல்லுக்குப் போகிறது. சாயங்காலம் அந்தப் புல்லில் குடும்பங்கள் பாய் விரித்து உட்காரும். தண்ணீர் விட்டவர் கேம்ப் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பார்.

இங்கே ‘இயற்கை’ என்ற சொல்லைப் பற்றிப் பேசியாக வேண்டும். வளைகுடாவில் அது இரண்டு இடத்தில் கிடைக்கிறது. ஒன்று, டிக்கெட் எடுத்துப் பார்க்கிற இயற்கை. 2015இல் துபாயில் திறந்த வண்ணத்துப்பூச்சித் தோட்டம் குளிரூட்டிய குவிமாடங்களுக்குள் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் வெளிநாட்டுப் பூச்சிகள், உள்ளங்கை அகலச் சிறகுகள், பிள்ளைகள் தோளில் வந்து உட்காரும். அழகுதான், பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: வெளியே நாற்பத்தைந்து டிகிரி, பூச்சிக்கு ஏசி, அந்தக் கட்டடத்தைச் சுற்றி நிற்கிற செடிக்குத் தண்ணீர் விடுகிறவருக்குத் தலையில் சுற்றிய ஈரத் துணி.

இன்னொன்று, மரணச் சான்றிதழில் வருகிற இயற்கை. ‘இயற்கையான காரணங்கள்.’ இல்லையென்றால் ‘இதயம் நின்றுபோனது’. முப்பது வயது ஆளுக்கு, நாற்பது வயது ஆளுக்கு. வைட்டல் சைன்ஸ் கூட்டமைப்பு 2022 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, தெற்கு, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வளைகுடாவுக்கு வந்தவர்களில் ஆண்டுக்கு 10,000 பேர் வரை இறப்பதாகவும், பாதிக்கும் மேற்பட்ட சாவுகளுக்குச் சரியான காரணமே விளக்கப்படவில்லை என்றும் சொன்னது. கத்தாரில் வேலை பார்த்த நேபாளிகளைப் பற்றி 2019இல் ஓர் ஆய்வு வந்தது. 2009 முதல் 2017 வரை இதயக் கோளாறு என்று பதிவான 571 சாவுகளில் 200 வரை, வெயிலிலிருந்து முறையான பாதுகாப்பு இருந்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்று அது கணக்கிட்டது. வெயில் இயற்கை. வெயிலில் நிற்க வைத்தது யார்? அந்தக் கேள்விக்கான கட்டம் சான்றிதழில் இல்லை.

அமீரகத்தில் மதிய ஓய்வு விதி இருக்கிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை கூடாது. மீறினால் ஓர் ஆளுக்கு 5,000 திர்ஹம் அபராதம், அதிகபட்சம் 50,000. இல்லாததுக்கு இது எவ்வளவோ மேல். ஆனா வெயில் காலண்டர் பார்க்காது. செப்டம்பர் 16 காலையில் சூரியன் விலகிப் போய்விடுவதில்லை. காலை 10 மணிக்குக் கடற்கரைப் பக்கம் அடிக்கிற புழுக்கம், மதியம் பாலைவனத்தில் அடிக்கிற வறண்ட சூட்டை விட உடம்புக்கு மோசமாக இருக்க முடியும், ஏன்னா வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கத்தார் 2021இல் இதில் ஒரு படி முன்னே போனது. சூடு, ஈரப்பதம், நேரடி வெயில், காற்று எல்லாம் சேர்த்துக் கணக்கிடுகிற அளவு 32.1ஐத் தாண்டினால் எந்த மாதமானாலும், எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும் என்று விதி வைத்தது. நிறைவேற்றுகிறார்களா என்பது வேறு கேள்வி. விதியாவது உடம்பைப் பார்த்து எழுதப்பட்டிருக்கிறது.

தோட்டக்காரருக்கு இதற்கு மேல் ஒரு சிக்கல். கம்பெனியில் வேலை பார்க்கிற தோட்டக்காரர் தொழிலாளர் சட்டத்துக்குள் வருகிறார். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஒரு வில்லா வீட்டின் பேரில், ஒரு தனியார் மஸ்ராவின் பேரில் விசா எடுத்தவர் வீட்டுப் பணியாளர் சட்டத்துக்குள் போய்விடுகிறார். சமையல்காரர், டிரைவர், ஆட்டு மேய்ப்பர், வல்லூறு பார்த்துக்கொள்கிறவர் எல்லாரும் அடங்கிய அந்தப் பட்டியலில் தோட்டக்காரரும் பண்ணையாளும் உண்டு. அங்கே விதி, நாளைக்கு 12 மணி நேரம் ஓய்வு, அதில் 8 மணி நேரம் தொடர்ச்சியாக. ஓய்வு 12 என்றால் மீதி 12 என்ன? மதிய ஓய்வு விதியும் நிறுவனங்களை மனசில் வைத்து எழுதியது. ஒரே மண்வெட்டி, ஒரே வெயில், விசாவில் எழுதியிருக்கிற பேர் மட்டும் வேறு.

மஸ்ரா என்றதும் புல் நீலனுக்குத் திரும்பலாம், ஏனென்றால் நகரத்தில் கம்பளம் விரிக்கிறதற்கு முன்னால் அரேபியாவில் அது வாழ்ந்த இடம் சோலைகளும் பண்ணைகளும்தான். பேரீச்சை மரத்தடியில் ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் குதிரைமசால் போடுவார்கள், அமீரகத்தில் ஜத் என்பார்கள். அறுக்க அறுக்கத் துளிர்க்கிற செடி. பூச்சிக்கு வருஷம் பூரா சாப்பாடு. ஆனால் அது தண்ணீர் குடிக்கிற செடி. நிலத்தடி நீர் ஆழமாய்ப் போகப் போக, தீவனப் பயிரைக் குறைக்க அரசுகள் இறங்கின. சவூதி பசுந்தீவனச் சாகுபடியையே படிப்படியாக நிறுத்தச் சொன்னது. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று கை தட்டலாமா? கொஞ்சம் இருங்கள். சவூதிப் பால் கம்பெனி அல்மராய் 2014இல் அமெரிக்காவின் அரிசோனாவில் கிட்டத்தட்ட 10,000 ஏக்கரை 4.75 கோடி டாலருக்கு வாங்கியது. அங்கே குதிரைமசால் வளர்த்து, காய வைத்து, கப்பலில் ஏற்றினார்கள். அங்கேயும் பாலைவனம், அங்கேயும் கிணறு வற்றுகிறது. பக்கத்துக் குடியானவர்கள் கத்தின பிறகு 2023 அக்டோபரில் அரிசோனா கவர்னர் அந்தக் கம்பெனியின் அரசு நிலக் குத்தகை ஒன்றை ரத்து செய்தார். இப்படித்தான் ஓர் ஊரின் நீர்க்கணக்கு அழகாகிறது, இன்னோர் ஊரின் கிணறு வழியாக. பால் பாக்கெட்டில் இது எதுவும் அச்சாகாது.

2023 டிசம்பரில் உலகமே காலநிலை பேச துபாய் எக்ஸ்போ சிட்டிக்கு வந்ததே, அந்த மாநாட்டு வளாகத்தைத் தயார் செய்ய அதே வருஷம் செப்டம்பரில் தொழிலாளர்களை மதியத் தடை நேரத்திலும் வெயிலில் வேலை வாங்கியதாக லண்டனின் ஃபேர்ஸ்கொயர் அமைப்பு மாநாட்டுக்கு முன்பே அறிக்கை வெளியிட்டது. நம்ம ஆட்கள் சிலரும் அந்த மாநாட்டுக்கு வந்திருந்தார்கள். பசுமை மண்டலத்தில் எடுத்த செல்ஃபிகளில் பின்னால் தெரிகிற செடிகளை யார் நட்டார்கள் என்று ஒரு பதிவாவது வந்ததா? நான் பார்க்கவில்லை.

இனி, எனக்கு நிச்சயம் வரப்போகிற கேள்வி. ‘மனுஷன் செத்துக்கிட்டு இருக்கான், உங்களுக்குப் பூச்சியா?’ இந்தக் கேள்வியின் கோபம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதில் ஒரு தப்பு ஒளிந்திருக்கிறது. இயற்கை என்பது படித்த மேல்தட்டு ஆட்களின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு, தொழிலாளிக்குச் சம்பளம் மட்டும்தான் விஷயம் என்று அது ஒத்துக்கொள்கிறது. குவிமாடம் கட்டியவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கடலூர் அண்ணனுக்கு எந்த மாசம் எந்தக் களை வரும், எந்தக் குழாய்த் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கிறது, எந்தப் புழு எதைத் தின்னும் என்று தெரியும். இந்த வட்டாரத்தின் சூழலியல் அறிவில் ஒரு பெரும்பங்கு அவரைப் போன்றவர்களின் தலையில் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்து அவரை ஊருக்கு அனுப்புகிறபோது அதுவும் அவரோடு விமானம் ஏறிவிடுகிறது. அவருடைய உழைப்பைக் கூலி கொடுத்து வாங்கினார்கள். அறிவை வாங்கவே இல்லை; இருக்கிறது என்றே தெரியாது. நாமும் அவரிடம் சம்பளப் பாக்கியைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வந்தால், சூப்பர்வைசருக்குத் தெரிந்த அளவுதான் நமக்கும் அவரைத் தெரியும்.

எதிர்ப்பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். பூச்சி எண்ணுவது சங்கம் ஆகிவிடாது. இங்கே தொழிற்சங்கம் வைக்க முடியாது, வேலைநிறுத்தம் கூடாது. 2024 ஜூலையில் தங்கள் நாட்டு அரசுக்கு எதிராக அமீரகத் தெருவில் கூடிய வங்கதேசத்துக்காரர்கள் 57 பேருக்கு என்ன ஆனது என்று நினைவிருக்கும். மூன்று பேருக்கு ஆயுள், மற்றவர்களுக்குப் பத்து, பதினோரு வருஷம். செப்டம்பரில் மன்னிப்புக் கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். டொரண்டோவிலும் லண்டனிலும் இருந்து ‘களத்தில் இறங்குங்க தோழர்’ என்று எழுதுகிறவர்கள் இதை ஒரு தரம் படித்துவிட்டு எழுதுங்கள். ஏதோ இயற்கை நடை என்ற பேரில் மறைமுகமாய்ச் சங்கம் கட்டலாம் என்று யாருக்காவது யோசனை வந்தால் அதையும் கைவிடுங்கள். மாட்டப்போவது யோசனை சொன்னவர் அல்ல.

வெளியே இருக்கிற உங்களால் முடிகிறவை வேறு. காலண்டருக்குப் பதில் உடம்பைப் பார்க்கிற வெயில் விதி வேண்டும் என்று நீங்கள் இருக்கிற நாடுகளின் சங்கங்கள் வழியாகப் பேச முடியும். வில்லாத் தோட்டக்காரரையும் மஸ்ரா ஆளையும் தொழிலாளர் சட்டத்துக்குள் கொண்டுவரச் சொல்ல முடியும். தமிழ்நாட்டில் ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் தினம் என்று மேடை போட்டுக் கொண்டாடுகிறார்கள். அந்த மேடையில், வளைகுடாவிலிருந்து பெட்டியில் திரும்பி வந்தவர்களில் எத்தனை பேருக்கு ‘இயற்கை மரணம்’ என்று எழுதியிருந்தது, அதில் எத்தனை பேர் வெளிவேலை பார்த்தவர்கள் என்று வருஷாவருஷம் கணக்கு வெளியிடச் சொல்ல முடியும். அதைக் கேட்க வளைகுடாவில் யாரும் தலையைக் கொடுக்க வேண்டியதில்லை. இலங்கைத் தோழர்கள் அதையே கொழும்பில் கேட்கலாம்.

புல் நீலனின் குடும்பத்தில் பல புழுக்கள் எறும்புக்கு இனிப்பு நீர் சுரந்து கொடுத்து, பதிலுக்குக் காவல் வாங்கிக்கொள்கின்றன. இதை வைத்து ஒற்றுமை பற்றி ஓர் உவமை எழுதக் கை துறுதுறுக்கிறது. வேண்டாம். உவமையால்தான் இந்த மடலே எழுத வேண்டி வந்தது. சில வாரத்தில் பிறந்து வளர்ந்து முடிகிற ஒரு பூச்சி அது. சுதந்திரத்துக்கோ அடிமைத்தனத்துக்கோ அது சின்னம் இல்லை. ஒரு மூலையில் தண்ணீர் கசிகிறது, ஒருத்தர் இரண்டு நெருஞ்சியை விட்டுவைத்திருக்கிறார் என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான்.

சுவரொட்டிக்கு என் யோசனை இது. சிறகை எடுத்துவிடுங்கள். ஹெல்மெட்டுக்குப் பதில் தலைத்துணி, கையில் ஹோஸ், காலடியில் புல். அந்தப் புல்லுக்குள், தேடினால் மட்டும் தெரிகிற அளவில், நகத்தளவு சாம்பல் நிறத்தில் ஒன்று. வாசகம் 32.1 என்ற எண் மட்டும் இருந்தால் போதும், என்னவென்று கேட்கட்டும். பார்த்து வரைவதற்குப் படம் வேண்டுமென்றால் பூச்சியின் படங்கள் என்னிடம் இருக்கின்றன, அனுப்புகிறேன். யாரும் கேம்ப்பில் படம் எடுத்து அனுப்புவதாக இருந்தால் முகம், கம்பெனிச் சட்டை, கேட்டில் இருக்கிற பெயர்ப்பலகை மூன்றும் விழாமல் எடுங்கள், இடக்குறியை அணைத்துவிடுங்கள். நெருஞ்சி மேல் உட்கார்ந்திருக்கும்போது காலை ஏழு மணிக்குள் எடுத்தால் நன்றாக வரும். அதற்கு மேல் அதுவும் நிழல் தேடிப் போய்விடுகிறது.